ஞானமுத்து சாரும் ஒரு பம்பரும்

இடி வாங்குவதற்கென்றே வண்டிக்கு முன்னால் மாட்டியிருக்கிற சாமான்தான் பம்பர். ஆனாலும் அதில் ஒரு வெடிப்பு விழுந்துவிட்டால், சொந்தப் பல் போனதுபோல வாயைப் பொத்திக்கொண்டு வருவார்கள். குமரி மாவட்டம் கருங்கலில் எனக்கு டிங்கர் பட்டறை. பள்ளிக்கூடத்தில் படித்தது அஞ்சாம் கிளாஸ் வரைதான், மிச்சமெல்லாம் பம்பரில் படித்தது. வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "ஒட்டினா போதுமா, மாத்தணுமா?" உங்களிலும் பாதிப் பேர் இதைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் வியர்த்திருப்பீர்கள். என்னிடம் அதிக தடவை கேட்டவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஞானமுத்து சார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், கூடவே என்னவோபோலவும் இருக்கும்.

சுடுதண்ணி

முதல் தடவை வந்தபோது முன் பம்பரின் இடது மூலை கிண்ணம்போல உள்ளே போயிருந்தது. வெடிக்காமல் வெறும் குழி விழுந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. பக்கத்துச் சாயாக்கடையில் ஒரு வாளி கொதிக்கிற தண்ணீர் வாங்கி மெதுவாக ஊற்றினேன். பிளாஸ்டிக் இளகியதும் உள்ளே கையைவிட்டு ஒரு தள்ளு. 'டப்' என்று பழையபடி வந்துவிட்டது. சார் சின்னப்பிள்ளைபோலக் கைதட்டினார்.

எதில் இடித்தது என்று கேட்டேன். சர்ச் மதிலாம். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "நான் நேராத்தான் போனேன் வேய். அந்த மதிலுதான் ரோட்டுக்கு இறங்கி நிக்கி."

மீசைக்கு மட்டும் டை

அடுத்தது ஒரு தென்னை. அதற்கடுத்தது அவர் வீட்டு கேட் தூண். இந்தத் தடவை பம்பர் ஒரு சாண் நீளம் வெடித்துவிட்டது. "சாரே, ஓரத்துல புடிக்கிற லாக்கு ஒடையல, ஒட்டலாம். ஆனா மாத்துறது நல்லது" என்றேன். சார் பதறிப்போனார். மகள் ஜெபாவுக்கு பெங்களூரில் வேலை. இன்னொரு தடவை இடித்தால் சாவியை வாங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாவி போனால் அவர் மனைவி தங்கபாய் டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சும், சாயங்காலம் முட்டம் கடற்கரையும் போச்சு. டீச்சருக்கு முட்டுவலி, பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோ பிடிக்கலாமே என்றதற்கு என்னை முறைத்தார். கல்யாணமான நாளிலிருந்து சைக்கிள், ஸ்கூட்டர், கார் என்று அந்தம்மாவை அவரேதான் கூட்டிப்போயிருக்கிறார்.

சரி என்று செம்புக் கம்பியால் வெடிப்பைத் தைத்து, சூடு காட்டி உருக்கி, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்தேன். எங்கே வெடித்தது என்று எனக்கே தெரியவில்லை. புதுசு வேண்டாம் என்று சார் சொன்ன காரணத்தை இன்றைக்கும் மறக்க முடியாது: "பழைய வண்டியில புதுப் பம்பரு போட்டா, நரைச்ச தலையில மீசைக்கு மட்டும் டை அடிச்ச மாதிரி இருக்கும். மவ ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருவா வேய்!"

வாழைநார்

தோவாளைப் பூ வியாபாரி ஆறுமுகத்தின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். திருநெல்வேலி போன இடத்தில் எருமை குறுக்கே பாய்ந்து பம்பர் தொங்கிவிட்டது. மனுஷன் பூக்கட்டுகிற வாழைநாராலேயே அதை இழுத்துக் கட்டி, ஆரல்வாய்மொழிக் காற்றையும் தாண்டி, கருங்கல் கல்யாணவீட்டில் மாலைகளை இறக்கிவிட்டு என் முன்னால் வந்து நின்றார். நாரை அறுக்கவே எனக்கு மனசு வரவில்லை. ஆனால் லாக்கெல்லாம் போயிருந்தது. மாற்றத்தான் வேண்டும் என்றேன். சரி என்றார்.

அன்றைக்கு ஞானமுத்து சாரின் பம்பரும் ஏழாவது தடவையாகக் கழற்றி முக்காலியில் கிடந்தது. தேய்த்துக்கொண்டிருந்தேன். பட்டியும் பெயிண்டும் பட்டியும் பெயிண்டுமாக அடுக்கடுக்காகத் தெரிந்தது. எனக்கு அது வெறும் வேலை. ஆறுமுகம்தான் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, மாலைன்னா ரெண்டு பக்கமும் ஒரே கனம் வேணும். இது என்ன, இடப்பக்கம் மட்டும் இப்பிடித் தடிச்சுக் கெடக்கு?"

ஒரு சாயா

ராத்திரி முழுக்க அதே யோசனை. மதில் இடப்பக்கம். தென்னை இடப்பக்கம். தூணும் இடப்பக்கம். வலது மூலையில் கம்பெனிப் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. மறுநாள் சார் வண்டியை எடுக்க வந்தார். பெஞ்சில் உட்காரவைத்து, ரெண்டு சாயா வாங்கி, அவருடையதைச் சத்தமில்லாமல் அவருக்கு இடப்பக்கம் வைத்தேன். நான் என் கிளாஸை எடுத்துக் குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினேன். சார் என்னைப் பார்த்தார், என் கிளாஸைப் பார்த்தார். கடைசியில் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்: "என்ன வேய், நீரு மட்டும் குடிக்கீரு? எனக்குச் சொல்லலியா?"

ஜெபா

அவருக்கு இடப்பக்கம் இருந்த கிளாஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "சாரே, பம்பரு கெடக்கட்டும். மொதல்ல இடது கண்ணைக் காட்டுங்க." டிங்கர் வேலைக்காரன் டாக்டராகிவிட்டானா என்று கத்தினார். பிறகு கிளாஸைக் கீழே வைத்தார். "டாக்டரு ஏதாவது சொல்லிட்டா சாவி போயிருமே வேய்" என்றார், மெதுவாக. காட்டாமல் பம்பரை மாட்டித் தரமாட்டேன் என்று நானும் பிடிவாதமாக நின்றேன். அன்றைக்கு சார் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனார்.

கண்புரை, நன்றாக முற்றியிருந்ததாம். ஆபரேஷனுக்கு ஜெபா வந்தாள். டாக்டர் இனி ஓட்டலாம் என்று சொன்ன பிறகு மூன்று பேரும் ஆட்டோவில் பட்டறைக்கு வந்தார்கள். புதுப் பம்பர் போடச் சொன்னாள், போட்டேன். சாவியை அப்பா கையில் அவளே கொடுத்தாள். என் பட்டறை வாசல் ஒடுக்கம், ரெண்டு பக்கமும் கல்தூண். தங்கபாய் டீச்சர் முன்சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி தூணில் உரசாமல் வழுக்கிக்கொண்டு வெளியே போனது. ஜெபா மட்டும் சுவரில் சாய்த்திருந்த பழைய பம்பரின் இடது மூலையை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் இல்லை, குரல்தான் ஒரு மாதிரி இருந்தது: "அங்கிள், நீங்க இவ்வளவு அழகா மறைக்காம இருந்திருந்தா, அப்பாக்க கண்ணு எனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

அதற்குப்பிறகு சாரும் வருவதில்லை, சண்டை போட எனக்கும் ஆளில்லை. ஒட்டணுமா மாத்தணுமா என்று யார் கேட்டு வந்தாலும், இடப்பக்கம் ஒரு சாயா வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பம்பரைக் குனிந்து பார்க்கிறேன்.