தூக்கிப் பார்த்து வாங்கிய கொம்பியூட்டர்

நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டுக் கடைகளில் ஒரு சாமானைத் தூக்கி நிறை பார்த்தால் உடனே ஓடி வந்துவிடுகிறார்கள். களவெடுப்பான் என்றல்ல, இடுப்புப் பிடித்துவிடும் என்ற பயத்தில். போன வெள்ளிக்கிழமை பிரெஞ்சு பேசும் ஊரான புவாண்ட்-கிளேரில் ஒரு கொம்பியூட்டர் கடையில் அப்படித்தான் ஒரு பெண்மணி ஓடி வந்தார்.

எங்கள் பழைய கொம்பியூட்டர் நின்றுபோயிருந்தது. மறுநாள் யாழ்ப்பாணத்தில் என் மனைவி பத்மாவின் தங்கை மகளுக்குக் கலியாண எழுத்து, பதிவுக்காரர் முன்னால் கையெழுத்து வைக்கும் நாள். அங்கே பின்னேரம், எங்களுக்குக் காலை. மூட்டு வருத்தத்தால் பத்மாவுக்குப் பயணம் முடியாது. கண் ஒப்பரேசனுக்குப் பிறகு டெலிபோனின் சின்னத் திரையில் முகங்களும் தெரிவதில்லை. “இஞ்சாருங்கோ, மகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றாள்.

“ரெண்டு ரெஸ்ரோரண்ட் நடத்தினவனுக்கு ஒரு பெட்டி வாங்கத் தெரியாதோ?” என்று கேட்டுவிட்டுத் தனியாகப் போனேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சுன்னாகத்தில் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கும் மெஷினையும் நிறை பார்த்துத்தான் வாங்கினேன். மற்றவர்களின் மெஷின்கள் இருமிக்கொண்டு நிற்க என்னுடையது ஓடியது. இங்கே டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிய காலத்தில், பாரமான சட்டி அடிப்பிடிக்காது என்று செஃப்புக்கே காட்டிக்கொடுத்தவன் நான். அங்கே இன்னொன்றும் பழகினேன். பிரெஞ்சில் எவர் எதைச் சொன்னாலும் “உய், உய்” என்று, அதாவது ஓம், ஓம் என்று, தலையாட்ட வேண்டும். ஆட்டி ஆட்டியே முதலாளியானேன்.

பெண்மணி சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒன்றைக் காட்டினார். ஒரு தேங்காயின் நிறைகூட இல்லை. கடைக் கோடியில் கறுப்பு இரும்பில் முழங்காலளவு உயரத்துக்கு ஒன்று நின்றது. மூச்சைப் பிடித்துத்தான் தூக்கினேன். அவர் கவலையோடு பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். “உய், உய்,” என்றேன். ஆங்கிலத்தில் தொடங்கினார். “ஐ நோ, மேடம். தேர்ட்டி இயர்ஸ் ஐ ஆம் ஹியர்.” அதோடு அவர் பில் போடப் போய்விட்டார். விலையும் குறைவு. என் முகத்துக்காகக் குறைத்தார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் ஏற்றினேன். வயர் செருகும் இடத்தில் ஒரு சதுர ஓட்டைதான் இருந்தது. கையை விட்டால் முழங்கை வரை போனது. மறுநாள் காலை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மகள் தர்சினி வந்து மூடியைக் கழற்றினாள்.

“அப்பா, இது வெறும் கூடு. உள்ளுக்குப் போடுற சாமான் எல்லாம் வேறயா வாங்கிப் பூட்டவேணும். அவ சொல்லேல்லையோ?”

“சொன்னவ,” என்றேன். “நான் ஓம் எண்டிட்டன்.”

பத்மா பட்டுச்சேலை உடுத்து, பூவும் வைத்து, அந்த இரும்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூன்று வீடு வாங்கிய கதையைக் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொல்லித்திரிந்த நான் மகள் பக்கம் திரும்பினேன். “பிள்ளை, உன்ர கொம்பியூட்டரைக் கழட்டிக்கொண்டு வாறியோ?” என்று கேட்டேன். மகளிடம் நான் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கொண்டுவந்து பூட்டியபோது எழுத்து தொடங்கவிருந்தது. அங்கே முன்வரிசையில் எங்களுக்கென்று ஒரு கதிரை விட்டு, அதில் டெலிபோனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வந்தவர்களெல்லாம் கதிரைக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். பத்மாவின் தங்கை சந்தனக் கும்பாவோடு வந்து, “அக்கா, அத்தான், சந்தனம் எடுங்கோ,” என்றாள்.

பத்மா கையை நீட்டினாள். விரல் திரையில் இடித்தது. தங்கை கதிரையிலிருந்த டெலிபோனில் அக்காவின் நெற்றி தெரிந்த இடத்தில் தானே தொட்டு வைத்தாள். கமராவும் அங்கேதான் இருந்தது.

“துடைக்கச் சொல்லட்டே, அம்மா?” என்றாள் தர்சினி.

“வேண்டாம். கிடக்கட்டும்.”

பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்து வைத்ததை நாங்கள் இருவரும் மஞ்சள் மூட்டத்துக்குள்ளால் பார்த்தோம்.