பிளக்கைப் பிரிக்கிறவள்

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவள் கண் சுவரோரம் போய்விடும். சோபாவுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் வயர், அதன் நுனியில் பழுப்பேறிய பிளக். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுக்கொண்டே குனிவாள். எதையோ தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்து வீட்டுக்காரர்களும் கூடவே குனிந்து தேடுவார்கள்.

நாற்பத்து மூன்று வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணுக்கே தெரியாத ஆணிகளை நாளெல்லாம் முடுக்கிப் பழகிய விரல்கள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, திருப்புளி இருக்கும். கூடவே டெஸ்டர், வயர் சீவும் குறடு, இரண்டு புது பிளக், சுவர்த் துளைகளில் செருகினால் விளக்கெரிந்து நிலவரம் சொல்லும் ஒரு சின்னப் பெட்டி. சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயரே திருப்புளிதான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது நேராகவே கூப்பிடுகிறார்கள், அவளும் "ம்" என்கிறாள். கணவர் மட்டும் எந்த வீட்டுக்குப் போனாலும் பத்தடி பின்தங்கியே வருவார், வேறு ஏதோ வேலையாக வந்தவர் மாதிரி.

கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் பிளக் ஒருநாள் புகைந்ததில்தான் இது தொடங்கியது. எலக்ட்ரீஷியன் வந்து மூடியைப் பிரித்துக் காட்டினார். ஒரே ஒரு செம்பு இழை, தலைமுடி அளவு, விலகிப் பக்கத்து ஆணியைத் தொட்டுக்கொண்டிருந்தது. "பத்து வருஷமா இதுக்கு முன்னாடிதான் உட்கார்ந்திருக்கேன். ஒருத்தரும் பிரிச்சுப் பார்க்கலையே" என்று அன்று மதியம் முழுக்கப் புலம்பினாள். "மூடி நல்லா இருந்தா உள்ளே நல்லா இருக்குன்னு யார் சொன்னது?" என்பதைப் பழம் வாங்கும்போதும் சொல்வாள். கல்யாணப் பேச்சிலும் சொல்லி இரண்டு வீடுகளில் பகையைச் சம்பாதித்திருக்கிறாள்.

அக்கா குடிமாறிப் போன வீட்டுக்குப் போன மாதம்தான் முதல்முறையாகப் போனாள். சுவரோரம் கூட அவள் பார்வை போகவில்லை. அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்த விதத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு மரக்கரண்டியைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினாள் அக்கா.

"என்னக்கா இது?"

"தொட்டா லேசா சுள்ளுங்கும். பழகிடுச்சு."

"எப்பலேருந்து?"

"இங்க வந்ததிலேருந்து. எட்டு மாசம் இருக்கும். அதோட சுபாவம் அப்படின்னு அத்தான் சொல்லிட்டார்."

அத்தான் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். தானே களத்தில் இறங்கப்போகிறவர் போல் சோபா நுனியில் உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போகிற எக்ஸ்டென்ஷன் கார்டுக்கு அவரே கையால் பிளக் மாட்டியிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லியும் இருந்தார்.

"அத்தான், மேட்ச் முடிய எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம். ஏன்?"

சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள். டிவி இருண்டது.

"யாரைக் கேட்டுப் பிடுங்கினே?"

"உங்களைத்தானே கேட்டேன். பத்து நிமிஷம் அதிகம், அத்தான்."

வாசலில் கணவர் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

மூடியைப் பிரித்தாள். ஒரு முனை கருகியிருந்தது. பச்சை வயரை அடியோடு நறுக்கி, அதன் மேல் அழகாக டேப் சுற்றியிருந்தார் அத்தான்.

"பச்சை ஏன் மாட்டலை?"

"ரெண்டு வயர்லயே ஓடுது. அது சும்மாதானே இருக்கு."

"சும்மா இல்ல, அத்தான். கசியற கரண்ட்டு பூமிக்குப் போக அதுதான் வழி. நீங்க வழியை வெட்டிட்டீங்க. அது எட்டு மாசமா அக்கா வழியாப் போகப் பார்க்குது."

அக்கா கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள்.

"சுபாவம்" என்றாள்.

"ஓடிச்சே" என்றார் அத்தான், தரையிடம்.

திருப்புளி தரையில் மண்டியிட்டாள். கருகிய பகுதியை வெட்டி எறிந்தாள். உள்வயரில் கீறல் விழாமல் மேல்தோலைச் சீவி, இழைகளை முறுக்கி, ஆணியை முடுக்குகிற திசையிலேயே சுற்றி இறுக்கினாள். பச்சையைப் பெரிய முனைக்குக் கொடுத்து, மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விட்டாள். "யாராவது இழுத்துத் தொலைச்சாலும் இது கடைசியாத்தான் விடணும்." வயரைப் பிடித்துக்கொள்ளும் பட்டைக்கடியில் மேல்தோல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து மூடினாள். ஆடும் பல்லைச் சோதிப்பவள் போல வயரைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மறுமுனைப் பெட்டியையும் பிரித்தாள். அங்கே பச்சை வயர் ஆணியில் பத்திரமாக இருந்தது, இத்தனை நாள் போக இடமில்லாமல்.

சுவரிலும் பூமிக்கு வழி இருக்கிறதா என்று அந்தச் சின்னப் பெட்டியால் பார்த்துவிட்டுப் பிளக்கைச் செருகி, ஃப்ரிட்ஜ் மேல் டெஸ்டரை வைத்தாள். அதன் விளக்கு எரியவில்லை. "இருந்தாலும் மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க. நான் கொடுத்தது வழிதான், வைத்தியம் இல்ல" என்றாள். அக்கா ஒரு விரலை வைத்தாள். அப்புறம் உள்ளங்கையை. அப்புறம் இரண்டு கைகளையும் கதவில் பரப்பிக்கொண்டு நின்றாள்.

"சில்லுனு மட்டும்தாண்டி இருக்கு" என்றாள்.

டிவி உயிர் பெற்றபோது மேட்ச் முடிந்து சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் எழுந்து உள்ளறைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வயரில் மூன்று இடங்களில் டேப் சுற்றிய மேசை விசிறி ஒன்றோடு திரும்பி வந்து, அதை அவள் பக்கத்தில் தரையில் வைத்தார். அவள் மறுபடி மண்டியிட்டாள். அவர் சோபாவில் உட்கார்ந்து, விளம்பரத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே, கீழே கிடந்த தலையணையைக் காலால் அவள் முழங்காலுக்கடியில் தள்ளினார்.