யாரைக் கேட்டு அளந்தீங்க?

போன வியாழக்கிழமை காலையில் ஒரு காலி பஸ்ஸைப் பார்த்துப் பயந்துபோனேன்.

சிரிக்காதீர்கள். லாரியில் ஏழு வருஷம் கிளீனராக இருந்தவன், பிரேக் பிடிக்காத வண்டியில் மலை இறங்கியவன் என்றெல்லாம் இதே பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். உண்மைதான். ஆனால் அந்த வண்டிகள் எதுவும் என் வார்த்தையை நம்பி வந்தவை அல்ல. இது அப்படி வந்தது.

மலைமேல், வாழவந்திக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். நாற்பது வீடு இருக்கும். எஸ்டேட்டில் கிளை வெட்டும் கவாத்து வேலைக்கு என்று வந்தவன், எட்டு மாசமாக அங்கேயே தங்கிவிட்டேன். ஒரே இடத்தில் இத்தனை நாள் என்பது எனக்கு அதிகம். ஊருக்கு ஜீப் போகிற மண்பாதை மட்டும் உண்டு. பஸ் ஏற வேண்டுமானால் வாழவந்திக்கு நடக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. மூங்கிலில் கம்பளியைக் கட்டி, அதில் படுக்க வைத்துத் தூக்கிப் போனோம். முன்முனையில் நான். பாதி வழியில் முனகல் நின்றது. வாழவந்தியில் இறக்கி வைத்து, ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, அதே மூங்கிலில் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அதற்குப் பிறகுதான் ஊரில் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தோம். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவன் செயலாளர்! பஸ் கேட்டு மனு எழுதினேன். ஆச்சரியம், பதிலும் வந்தது. பாதை பஸ் போகிற நிலையில் இருந்தால், ஒரு நாள் வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்வார்களாம்.

பாதையை யார் சரி செய்வது? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, நாமே செய்வோம் என்றேன். வீட்டுக்கு ஒரு ஆள், வாரத்துக்கு ஒரு நாள். மண்வெட்டி அவரவருடையது. எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். இவ்வளவு சுலபமாக ஒரு ஊர் ஒத்துக்கொண்டால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டாமா? எனக்கு அந்தப் புத்தி அப்போது இல்லை.

சிக்கல் ஒரே இடத்தில்தான். ஊருக்கு முன்னால் வருகிற கடைசி வளைவு. பாதையின் கீழ்ப்பக்கம் ஒரு சின்னக் காபித் தோட்டம். மேல்பக்கம் ஆள் உயர மண்மேடு. அந்த மேட்டு நிலம் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டருடையது. ஓரத்தில் மிளகுக்கொடி ஏறிய இரண்டு சில்வர் ஓக் மரங்கள்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்:

"ஏனுங்க செயலாளரே, லாரியில போனவரு நீங்கதான். பஸ்சு திரும்ப எவ்வளவு எடம் வேணுமுங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு கயிற்றை எடுத்துப் போய், இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்து, கீழ்ப்பக்கம் ஆறடி எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் கீழ்ப்பக்கம்? மேல்பக்கத்துக்குச் சொந்தக்காரர் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். கீழ்ப்பக்கத்துக்குச் சொந்தக்காரர் கூட்டத்திலேயே இல்லை. இதை இப்போது எழுதும்போதுதான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அன்று கயிறுதான் முடிவு செய்தது என்று நம்பினேன்.

கீழ்த்தோட்டம் வெள்ளையம்மாவுடையது. நாங்கள் மூங்கிலில் தூக்கிப் போனோமே, அவருடைய மனைவி. கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை. வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வாருங்கள் என்று கூப்பிட்டதும் இல்லை. அவருக்குப் பதிலாக அவருடைய கொழுந்தனார் சீரங்கன் எழுந்து நின்றார்.

"அண்ணன் போனதே பஸ்சு இல்லாமத்தானுங்க. அண்ணி வேண்டாம்னா சொல்லப்போவுது? எடுத்துக்குங்க!"

கைதட்டினோம். நானும் பலமாகத் தட்டினேன்.

பதினொரு காபிச் செடிகள் போயின. காய் பிடித்த செடிகள். வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, கல் அடுக்கி, மண் நிரப்பினோம். வெள்ளையம்மா வந்து ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்காமல் நான் அருகே போய், "உங்களுக்கு நல்ல மனசும்மா" என்றேன்.

"என் மனச யாருங்க கேட்டாங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிடுங்கிய செடி ஒன்றைக் கையில் எடுத்து, வேரிலிருந்த மண்ணை உதறினார்.

"அவரு போனது பஸ்சு இல்லாமத்தானுங்க. நான் இருக்கறது இந்தச் செடியாலதானுங்க. அதுக்கு இது சரியாப் போயிருமா?"

பஸ் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதையோ சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பஸ் வராவிட்டால்? வந்து திரும்ப முடியாவிட்டால்? அரசாங்கம் போட்ட ரோடு என்றால் கடையில் டீ குடித்துக்கொண்டே திட்டித் தீர்க்கலாம். நாமே போட்ட ரோட்டுக்கு யாரைத் திட்டுவது? வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வளைவைக் காலடியால் அளந்தேன். ஒரு நாள் ஆறடி வந்தது. ஒரு நாள் ஐந்தரைதான் வந்தது. அன்று நடை மாறிவிட்டது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பஸ் வந்தது. ஊரே வளைவில் நின்றது. தேங்காய், மாலை, ஆரத்தித் தட்டு... வானம் வேறு இருட்டிக்கொண்டு நின்றது. புது மண்ணில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

முன்சீட்டில் நோட்டும் பேனாவுமாக ஒரு அதிகாரி. டிரைவர் இறங்கி வந்து, நிரப்பிய இடத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"யாருங்க அளந்தது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க இன்ஜினியருங்களா?"

"இல்லீங்க. லாரி கிளீனர்."

"வெளங்கிரும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

பஸ் மெதுவாகத் திரும்பியது. முன்சக்கரம் புது மண்ணில் ஏறியது. கல்லெல்லாம் நறநறவென்றது. தாங்கியது! மூச்சு விட்டேன். விட்ட மூச்சை இழுப்பதற்குள் பின்னால் கிறீச்சென்று ஒரு சத்தம். பஸ்ஸின் பின்பக்கம் மேல்மேட்டில் போய்க் குத்திக்கொண்டு நின்றது.

நான் வேலை பார்த்த லாரியில், பின்சக்கரத்துக்குப் பின்னால் அதிகம் நீட்டிக்கொண்டிருக்காது. பஸ்ஸில் பின்சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு வரிசை சீட் இருக்கிறது. முன்பக்கம் கீழே திரும்பினால், அந்த வால் மேலே வீசும். இதுகூடத் தெரியாதா? தெரியும். அன்று தோன்றவில்லை. கீழே ஆறடி எடுத்ததற்குப் பதில், மேலே மூன்றடி எடுத்திருந்தால் போதும்.

"பின்னால எடுக்க முடியாதுங்க" என்றார் டிரைவர். "முன்சக்கரம் மண்ண வாரிக்கிட்டுக் கீழ போயிரும்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

செய்ய வேண்டியது என்ன என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மேட்டை வெட்ட வேண்டும். மண்வெட்டிகளும் இருந்தன. ஒரு கைகூட எழவில்லை. ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்ப எடுத்து உதறினார். செயலாளர் என்ன செய்தேன் என்கிறீர்களா? என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. வெள்ளையம்மா.

"ஏனுங்க மாமா, கீழ வெட்டறப்ப எங்கிட்ட யாரும் கேக்கல. மேல வெட்டறதுக்கு மட்டும் உங்ககிட்டக் கேக்கோணுமுங்களா?"

ஊர்க்கவுண்டர் திரும்பிப் பார்த்தார். சீரங்கனுக்கு வியர்த்துவிட்டது.

"அண்ணி, சித்த சும்மா இருங்க. பெரியவங்க பேசுவாங்க."

"எங்க பேசறாங்க? காத்தால இருந்து துண்டுதான் பேசுது" என்றார். "ஏந் தம்பி, எனக்காவ எந்திரிச்சுப் பேசினியே, இப்ப மாமனுக்காவ ஒரு வார்த்த பேசு. எடுத்துக்குங்கன்னு சொல்லு. கை தட்டறோம்."

பெண்களில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். டிரைவர் ஸ்டியரிங் மேல் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. கீழே செடிகளைப் பிடுங்கின இடத்தைப் பார்த்தார். பிறகு, "வெட்டுங்க சாமி" என்றார். "மரத்த மட்டும் பாத்து வெட்டுங்க."

"என் செடியப் பாத்தா வெட்டுனாங்க?" என்றார் வெள்ளையம்மா.

நாற்பது வீட்டு மண்வெட்டிகளும் மேட்டில் இறங்கின. டிரைவரே இறங்கி, இங்கே, இன்னும் கொஞ்சம் இங்கே என்று கைகாட்டினார். ஒரு சில்வர் ஓக் கொடியோடு சாய்ந்தது. முதல் தூறல் விழும்போது பஸ் வளைவைத் தாண்டி ஊருக்குள் போய் நின்றது. அதன் முன்பக்கம் முழுக்க மாலை, இடது பின்பக்கம் நீளமாக ஒரு கீறல். அதிகாரி அந்தக் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு எதையோ எழுதினார்.

"என்னங்க எழுதினீங்க?"

"தகவல் வரும்" என்றார். பஸ் போய்விட்டது.

மக்கள் பங்கேற்பு, மக்கள் பங்கேற்பு என்று இப்போது எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். எங்கள் ஊரிலும் பங்கேற்றோம். ஆள் கொடுத்தோம், மண்வெட்டி கொடுத்தோம். நிலத்தை மட்டும், அங்கே இல்லாத ஒருவரிடமிருந்து எடுத்துக் கொடுத்தோம். இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம். அடுத்த முறையும் அப்படித்தானே செய்வோம்?

அன்று மத்தியானம், இடம் பெயர்ந்த கற்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளையம்மா வந்து நின்றார்.

"அடுத்த கூட்டம் எப்பங்க?"

"ஞாயித்துக்கிழமைம்மா."

"எந்நேரத்துக்கு?"

"எதுக்கும்மா கேக்கறீங்க?"

"எதுக்கா? வந்து உக்காரத்தான். நான் மட்டுமில்லீங்க, இன்னும் நாலஞ்சு ஊட்டுப் பொம்பளைங்க வாராங்க. மேப்பக்கம் பத்தாதுன்னு இன்னும் என்னென்ன அளக்கப் போறீங்களோ..."

பஸ் வருமா? தெரியவில்லை. கடிதத்துக்குக் காத்திருக்கிறோம். தபால்காரரைக் கண்டாலே எழுந்து நிற்கிறேன். ஆனால் வெள்ளையம்மா வருவார், அதில் சந்தேகமே இல்லை. வந்தால் எங்கே உட்காரவைப்பது, நடுவிலா, ஓரத்திலா, கவுண்டருக்கு எதிரிலா என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

இதையாவது அவரையே கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.