லிங்க் ஆகாத மூன்று நாட்கள்

போர்ட் பிளேரில் கடல் நீரோட்டங்களை ஆராயும் சின்ன அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லினக்ஸ் மெஷின்களில் எதையும் சேர்க்கவும் அழிக்கவும் தேவையான ரூட் பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அந்தத் திமிரும் இருந்தது.

தெற்குக் கோடித் தீவிலுள்ள கேம்பல் பேயிலிருந்து ஒரு பெண் ஒப்பந்த வேலைக்கு வந்திருந்தாள். அங்கே குடியேறிய முன்னாள் ராணுவ வீரர் ஒருவரின் மகள். பேசும் தமிழில் பாதி இந்தி. வெள்ளிக்கிழமை மெயின்லேண்டிலிருந்து வரும் குழுவுக்கு நீரோட்டத்தை முப்பரிமாணப் படமாக ஓட்டிக்காட்ட வேண்டும். காட்டினால் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் ஊருக்குக் கப்பல்.

படம் வரையும் மென்பொருளை எங்கள் மெஷினிலேயே கம்பைல் செய்து உருவாக்கியாக வேண்டும். தொண்ணூறு சதவீதம் வரை ஒழுங்காக ஓடும். கடைசியில் எல்லாவற்றையும் இணைத்து லிங்க் செய்யும்போது, கிராஃபிக்ஸ் லைப்ரரிக் கோப்பில் அது இல்லை இது இல்லை என்று பிழைகளைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். புதன்கிழமை என் மேசைக்கு வந்தாள்.

"சார், சிஸ்டம் லைப்ரரி டீக்தான். ஆனா லோக்கல் டைரக்டரியில வேற ஒரு புராணா, பழைய லைப்ரரி கிடக்கு, கம்பைலர் அதத்தான் எடுக்குது. ஒருதடவ பாருங்களேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி. தமிழே தெரியாத வங்காளி ஊழியர்கூடச் சிரித்தார். அவள் தன் இடத்துக்குப் போய் மறுபடி கம்பைல் போட்டாள். வியாழனும் அதே பிழை. வெள்ளிக்கிழமை அசையாத படங்களைத்தான் காட்ட முடிந்தது. குழுவினர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

சனிக்கிழமை, யாரும் இல்லாதபோது, அந்த டைரக்டரியைத் திறந்தேன். அவள் சொன்ன கோப்பு இருந்தது. போட்டவன் நான். கடலடி இன்டர்நெட் கேபிள் வருவதற்கு முன் இங்கே எதையும் டவுன்லோட் செய்ய முடியாது. மெயின்லேண்ட் போய்வருபவர்கள் பென்டிரைவில் கொண்டுவருவதை மெஷின் மெஷினாகக் காப்பி செய்வோம். அப்படி ஒருமுறை, வேறொரு கிராஃபிக்ஸ் கார்டுக்கான லைப்ரரியைக் கொட்டிவிட்டு மறந்திருக்கிறேன். அதை அழித்துவிட்டு கம்பைல் போட்டேன். நூறு சதவீதம். திரையில் நீரோட்டம் அழகாகச் சுழன்றது.  யாருக்கும் தெரியாதபடி, கம்பைல் ஆனதையும் சேர்த்து அழித்தேன்.

திங்கட்கிழமை காலைவரை அவள் ஒப்பந்தம் பற்றி எதுவும் முடிவாகவில்லை. உண்மையில் என்னதான் பிரச்சினை என்று அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்கவும் செய்தார்.

"அவங்களுக்கு அனுபவம் பத்தாது சார்."

அந்த வாரக் கப்பலில் அவள் போனாள்.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து வந்த புதியவர், முதல் நாளே ஒரு மணி நேரத்தில் கம்பைல் செய்து படத்தை ஓட்டிக்காட்டினார். அதிகாரி அசந்துபோனார். வேலை தெரிந்த ஆள் வந்தால் வித்தியாசத்தைப் பார்த்தீர்களா என்று என்னிடம் கேட்டார். பார்த்தேன் சார் என்றேன்.