அப்பாவுக்கு நான் சொன்ன இங்கிலீஷ் படம்

எங்கள் அப்பா லேசில் யாரையும் நம்ப மாட்டார். பழனி அடிவாரத்தில் முடி எடுக்கும் கொட்டகையில் அவருக்கு வேலை. மொட்டை போட வந்தவர் குனிந்து உட்கார்ந்ததுமே, இது உண்மையான வேண்டுதலா, ஊருக்குக் காட்டும் வேண்டுதலா என்று சொல்லிவிடுவார். அந்தக் குணத்தில் பாதி எனக்கும் உண்டு. அதனால்தான், நான் பத்தாவது படித்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லாமல் கொள்ளாமல் கொடைக்கானல் ஹாஸ்டலில் வந்து நின்றபோது, எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கையிலிருந்த பையைத்தான் முதலில் பார்த்தேன். எப்போதும் அதில் பொரிகடலையும் கொய்யாப்பழமும் இருக்கும். அன்றைக்கு ஒரு சுருள் கயிறு இருந்தது. பெட்டி கட்டுகிற கயிறு.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள், என்னை ஊருக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. எங்கள் பள்ளி சிஸ்டர்கள் நடத்தியது. நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். சிஸ்டர்கள் ஒரு நாளும் என்னைத் தங்கள் மாதா கோயிலுக்குள் கூப்பிட்டதில்லை. நானாகத்தான் போனேன். முதலில் பாட்டுக்காகப் போனேன், பிறகு பாட்டு இல்லாத நாளிலும் போய் முட்டி போட்டேன். வீட்டில் மூச்சு விட்டதில்லை. தெரிந்தால் அன்றோடு படிப்பு முடிந்தது. தாய்மாமன் வீட்டில் மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள், "ஹால்ல படம் போடுறாங்கப்பா, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரமாவது அவர் பேச முடியாதே என்ற கணக்கு.

எனக்கென்று பார்த்து அன்றைக்கு அந்தப் படம் வந்திருக்க வேண்டாம். பல நூறு வருஷத்துக்கு முந்தைய பிரான்ஸ். எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாத விவசாயி மகள் ஒருத்தி, தெய்வத்தின் குரல் கேட்டு, வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்ப் படை நடத்துகிறாள். படம் இங்கிலீஷில். அதனால் வரலாற்று டீச்சர் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று, அவ்வப்போது தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு அந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. திரையில் ஒரு கிழவர் மூச்சு விடாமல் பேசினார். "அரசன் தயங்குகிறான்" என்றார் டீச்சர். அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"அம்புட்டு நேரம் பேசுனதுக்கு இம்புட்டுத்தானா? மிச்சத்த எங்க வச்சிருக்கு அந்தம்மா?"

"சுருக்கிச் சொல்றாங்கப்பா."

"நீ சொல்லு. ஒனக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்ல."

அதிலிருந்து டீச்சர் ஒன்று சொல்வதும், உடனே நான் அவர் காதில் ஒன்று சொல்வதுமாகப் படம் ஓடியது. அந்தப் பெண் தன் கூந்தலை வெட்டிக்கொள்ளும் இடம் வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தச் சாமிக்கு எடுக்குது அந்தப் புள்ள?"

"சண்டைக்குப் போறதுக்காகப்பா. டீச்சரும் அதத்தான் சொல்றாங்க."

"சண்டைக்கு எதுக்குத்தா முடி எடுக்கணும்? வேண்டுதலாத்தான் இருக்கும். அந்தம்மா மறைக்குது." கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அது அவ முடியும் இல்ல. ஒட்டு முடி."

இருட்டில் முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தைரியம்கூட வந்தது. அடுத்து விசாரணைக் காட்சி.

நீண்ட அங்கி போட்ட குருமார்கள் வரிசையாக உட்கார்ந்து அவளைக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அதில் ஒருவர், அப்பா அம்மாவிடம் சொல்லாமல் வந்தாயே, அது பாவமில்லையா என்று கேட்டார். எனக்குக் காது சுட்டது. கடவுள் சொன்னார், அதனால் வந்தேன், நூறு அப்பாக்கள் இருந்தாலும் வந்திருப்பேன் என்றாள் அவள்.

டீச்சர் அதை ஒரு சொல்கூடக் குறைக்காமல் தமிழில் சொன்னார். அன்றைக்கென்று பார்த்து அவ்வளவு சுத்தமாகச் சொன்னார்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்படியா சொல்லுது?"

"இல்லப்பா. 'தப்புத்தான், அப்பாகிட்டக் கேட்டிருக்கணும்'னு சொல்றா."

"அதான பாத்தேன். அந்தம்மாதான் இல்லாததச் சேத்துச் சொல்லுது."

கடைசியில் அவளைக் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. "அங்கி போட்டவுகளேவா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். டீச்சர் மைக்கில், "ஆமாம். திருச்சபையைச் சேர்ந்தவர்களேதான். அந்தத் தவறை ஒத்துக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று" என்றார். தங்கள் பக்கத்துத் தவறை இப்படி எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டதாவது அப்பாவை இளக்கும் என்று நினைத்தேன். ம்ஹூம். "இதயும் ஏதோ திட்டத்தோடதான் சொல்லுது" என்றார்.

விளக்குப் போட்டதும், பழனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். பஸ் ஸ்டாண்டு வரை நானும் கூடவே நடந்தேன். மேகம் இறங்கி ரோடு சரியாகத் தெரியவில்லை. பஸ் கண்ணில் பட்டதும் நின்றார்.

"ஏத்தா, ஒன்னு கேக்கேன். நீ அவுக கோயிலுக்குள்ள..."

"இல்லப்பா."

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறவனை அவர் விட்டதே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பிடித்திருப்பார். என்னை விட்டுவிட்டார்.

"முருகன் மேல சத்தியமா?"

"சத்தியமா."

அப்பா பெரிதாக மூச்சு விட்டார். அவர் முகம் அவ்வளவு லேசாகி நான் பார்த்ததே இல்லை. "எனக்குத் தெரியும் தாயி. இந்த மலையில பூண்டியில இருந்து பூண்டு மூட்ட ஏத்திட்டு வர்றவன் சொன்னான், ஒம் மக அங்க முட்டி போட்டு நிக்குதுன்னு. சட்டையப் பிடிச்சிட்டேன். எம் புள்ள எங்கிட்டப் பொய் சொல்லாதுடான்னேன். நீ படி. எம்புட்டு வேணும்னாலும் படி."

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், ஏதோ ஞாபகம் வந்து தலையை வெளியே நீட்டினார்.

"அந்த மைக்கு வச்சிருந்த அம்மாகிட்ட மட்டும் சூதானமா இருத்தா. வாயத் தொறந்தா பொய். நீ மட்டும் பக்கத்துல இல்லன்னா என்னைய ஏமாத்தியிருக்கும்."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அப்பா ஊருக்குப் போகிறாரே என்று நான் அழுவதாக நினைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கண்ணைத் துடைத்துவிட்டார்.