இறங்கிய கோடுகள்

அந்தப் பெண்கள் கால்பந்து அணியில் அவளுக்குத் 'தவளை அக்கா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், அவளுக்கும் தெரியும். பகலில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை, மாலை நான்கரைக்கு மைதானம். அணியின் பயிற்சியாளர் அவளுடைய தம்பி. பந்து அவன் பொறுப்பு, கால்கள் இவள் பொறுப்பு.

ஒரு காலத்தில் நீளம் தாண்டியவள். நிறையக் குதித்தால்தான் காலில் பலம் ஏறும் என்பது அவள் கட்சி. அரையிறுதிக்கு ஆறு வாரம் இருந்தபோது, பதினாறு வயதுப் பெண்களை வாரத்தில் ஐந்து நாள் மரப்பெட்டி மேல் குதிக்க வைத்தாள். மூச்சு வாங்கவிடாமல் இருபது மீட்டர் ஓடவும் வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் உடை மாற்றும் அறையின் வெளிச்சுவரில் ஒவ்வொருத்தியும் சாக்பீஸோடு எம்பி ஒரு கோடு போட வேண்டும்.

இரண்டு வாரம் கோடுகள் ஏறின. மூன்றாம் வாரம் நின்றன. நான்காம் வாரம் இறங்கின. அணியிலேயே அதிகம் எம்புகிற கோல்கீப்பர் பெண் நான்கு விரல் கீழே கோடு போட்டதும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏன் இப்படி வேண்டா வெறுப்பா குதிக்கிற? உடம்பு வளையலையா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள்.

அந்தப் பெண் அழவில்லை. "படிக்கட்டுல கம்பியப் பிடிச்சுக்கிட்டுதான்க்கா இறங்குறேன். நான் மட்டும் இல்ல, எல்லாருமே."

வீட்டுக்குப் போய் நோட்டை விரித்தாள். பதினெட்டுப் பேரில் பதினான்கு பேருக்கு ஓட்ட நேரமும் கூடியிருந்தது. பதினான்கு பேர் ஒரே வாரத்தில் சோம்பேறி ஆவார்களா? அவள் தாண்டுவதை விட்ட வருடம், அவளுடைய பயிற்சியாளரும் இதையேதான் கத்தினார். அவர் சொன்னது உண்மை என்றே இத்தனை வருடம் நம்பியிருந்தாள்.

திங்கட்கிழமை தம்பியிடம் சொன்னாள். "இனிமே குதிக்கிறது வாரத்துக்கு ரெண்டு நாள்தான். அதுலயும் பாதி. ஒவ்வொரு ஓட்டத்துக்கு அப்புறமும் நின்னு மூச்சு வாங்கட்டும்."

"மேட்ச்சுக்குப் பன்னெண்டு நாள் இருக்கு. இப்பப் போய் ஓய்வா? விளையாடுறியாக்கா?"

"திட்டணும்னா என்னைத் திட்டுடா. தப்பு என்னோடது."

அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை.

பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தி, கோல்கீப்பரைப் பார்த்து, "எல்லார் முன்னாடியும் திட்டினேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு எம்மேலதான்மா" என்றாள். அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸையே மறுபடி கட்டினாள்.

அரையிறுதிக்கு முந்தைய நாள் பெரும்பாலான கோடுகள் பழைய உயரத்துக்குத் திரும்பியிருந்தன. இரண்டு மூன்று அதையும் தாண்டின.

ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றார்கள். ஆனால் கடைசிப் பத்து நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது இவர்கள்தான். எதிரணிக்காரிகள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, என் பயிற்சியையும் ஒரு தடவை பாத்துடு. நானும் ரொம்ப வேலை வாங்குறேனோ என்னவோ."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றாள். "வாங்குற."