ஸ்டார்ட்டர் பெட்டி மேல் ஒரு சிகரெட்

சிகரெட்டை விட்ட முதல் வாரத்தில் என் வீட்டில் யாரும் என் பக்கமே வரவில்லை. வந்தால் கடித்துக் குதறிவிடுவேன் என்று பயம். பயந்தது நியாயம்தான். ஒரு நாள் காலையில் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று டம்ளரை வாசலுக்கு விட்டெறிந்தேன். டம்ளர் உருண்டுபோய்க் கொய்யா மரத்தடியில் நின்றது. மனைவி போய் எடுத்து வந்து கழுவி வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

விட்டதற்குக் காரணம் என் இடது கால் பெருவிரல். நகத்தைச் சுற்றிக் கறுத்துக்கொண்டே வந்தது. செருப்புக் கடி என்று நானே முடிவு செய்து மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவிதான் நச்சரித்துக் கோயமுத்தூர் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் என் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"சிகரெட்டால கால் ரத்தக்குழா அடைச்சிருக்குங்க. இனி ஒண்ணுகூட ஆகாதுங்க. ஒண்ணு ரெண்டாக் குறைச்சுக்கறேங்கற கதையெல்லாம் இதுல செல்லாது. இப்ப விட்டா விரலக் காப்பாத்திடலாம். விடலைன்னா முட்டிக்குக் கீழ எடுக்கற மாதிரி ஆயிரும்" என்றார்.

பஸ்ஸில் எங்கள் தொண்டாமுத்தூர் வரும்வரை காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் பழக்கதோஷத்தில் கை சட்டைப் பைக்குள் போனது. பாக்கெட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே மனைவி பிடுங்கிப் போட்டிருந்தாள். அந்த வெறும் பையில் கை துழாவிக்கொண்டிருந்த கணத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இனி சாகும்வரை இப்படித்தான்.

விட்டவர்கள் எல்லோரும் நெஞ்சு லேசாகும், சோறு ருசிக்கும், பத்து வயது குறைந்த மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்கு ஒரு மண்ணும் ஆகவில்லை. இருமல் அதிகமானது. வயிறு கட்டிக்கொண்டது. வாயெல்லாம் புண். கிராம்பை மென்றேன், கடலை மிட்டாயை மென்றேன், கடைசியில் தென்னை ஈர்க்கை மென்றேன். டீக்கடைப் பக்கம் போகாமலிருக்க வண்டியைச் சுற்று வழியில் ஓட்டினேன். அந்த வழியிலும் ஒரு டீக்கடை இருந்தது. தென்னந்தோப்புக்குள் உட்கார்ந்து ஒரு நாள் அழுதேன். கால் போய்விடுமே என்று அழவில்லை. ஒரு சிகரெட் கிடைக்காதே என்று அழுதேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில், விட்ட மறுநாளே என் தண்ணீர் முறை வந்தது.

எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு கிணறு. பாகம் பிரித்தபோது நிலம் இரண்டானது, கிணறு ஆகவில்லை. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் என் முறை. எல்லை வரப்பில் நின்ற இரண்டு தென்னை மரம் யாருக்கு என்று கிளம்பிய சண்டையில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. சர்வேயர் வந்து அளந்து ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு என்று தீர்த்துவைத்த பிறகும் நாங்கள் பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் ஆகி, வெளியூர் போய்விட்டார்கள். நாங்கள் பேசவே இல்லை.

ஆனால் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டி மேல் ஒரு சிகரெட் இருக்கும்.

அது எப்படித் தொடங்கியது என்றால், பேச்சு நின்ற புதிதில் ஒரு நாள் அண்ணன் தன்னுடைய சிகரெட் ஒன்றைப் பெட்டி மேல் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் முன்னால் நான் புகை பிடித்ததே கிடையாது. எங்கள் பக்கம் மூத்தவர் முன்னால் தம்பி பற்றவைக்க மாட்டான். பிடிப்பது அவருக்குத் தெரியும், தெரியும் என்பது எனக்கும் தெரியும், அவ்வளவுதான். அன்றைக்கு என்ன தோன்றியதோ, அதை எடுத்துப் பிடித்துவிட்டுப் போகும்போது என்னுடையது ஒன்றை அதே இடத்தில் வைத்தேன். மறுநாள் அவர் முறை. அதற்கடுத்த நாள் நான் போனபோது என் சிகரெட் இல்லை. அவருடையது ஒன்று இருந்தது.

அதிலிருந்து அப்படியே நடந்தது. முறை முடிந்து போகிறவர் அடுத்தவருக்கு ஒன்று வைத்துவிட்டுப் போவார். பிடித்த துண்டைச் சுவரோரம் இருக்கும் பழைய பெயின்ட் டப்பாவில் போடுவோம். மலையிலிருந்து யானை இறங்கி என் வாழையை மிதித்துத் துவைத்துப்போட்ட மறுநாள் பெட்டி மேல் முழுப் பாக்கெட் இருந்தது. அவர் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் பிரிக்காத பாக்கெட் ஒன்றை வைத்துவிட்டு வந்தேன். எங்களுக்குள் மிச்சமிருந்த உறவு அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

சிகரெட்டை விட்ட பிறகு வந்த முதல் முறையன்று மோட்டார் ரூம் கதவைத் திறந்ததும் அது அங்கே படுத்திருந்தது. வாயில் எச்சில் ஊறியது. மோட்டாரைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். அன்று அதை எடுக்கவும் இல்லை, பதிலுக்கு ஒன்று வைக்கவும் இல்லை. வைக்க வேண்டுமானால் வாங்க வேண்டும். வாங்கினால் பிடித்துவிடுவேன்.

அடுத்த முறை போனபோது அதே சிகரெட் அதே இடத்தில் இருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். அண்ணன் தன் முறை முடிந்ததும் தன் வால்வை மூடி என் வால்வைத் திறந்துவிட்டுத்தான் போவார். நான் வந்து பட்டனை அமுக்கினால் போதும். அன்று என் வால்வு மூடியிருந்தது. தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டேன். தண்ணீர் முழுக்க அவருடைய தோப்புக்குள் பாய்ந்தது.

ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். சிகரெட்டை நான் தொடாமல் விட்டதை உறவை அறுத்துக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அவரிடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் வந்து சொன்னதும் மனைவி, "ஏனுங்க, போயி இந்த மாதிரி கால்ல கோளாறு, விட்டுப்போட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா என்னங்க? கூடப் பொறந்தவருதானுங்களே" என்றாள்.

"அவரு பேசட்டும் மொதல்ல."

"அவரு பெரியவருங்க."

"அதனாலதான் அவரு பேசோணும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

காலும் வேண்டும், அண்ணனும் வேண்டும், வீம்பும் வேண்டும். மூன்றையும் வைத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுத்த முறைக்குப் போகிற வழியில் கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கினேன். அதைப் பெட்டி மேல் அண்ணனுக்கு வைத்தேன். அங்கே கிடந்த அவருடையதை எடுத்துப் பற்றவைத்தேன். வாயில் வைக்கவில்லை. தீக்குச்சியை நுனியில் பிடித்து, ஊதி ஊதிக் கனலவைத்தேன். கையை எட்ட நீட்டி, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, அது தானாக எரிந்து தீரும்வரை நின்றேன். புகை துண்டுக்குள்ளும் வந்தது. ஒரே ஒரு இழுப்பு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. என்னுடைய கையை நானே பகையாளி கையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். எரிந்து முடிந்ததும் சிகரெட் துண்டை டப்பாவில் போட்டுவிட்டு, வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.

அதற்கடுத்த முறை என் வால்வு திறந்திருந்தது. பெட்டி மேல் புதுச் சிகரெட் ஒன்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கூடவே ஒரு கலக்கமும் வந்தது. இனி ஒவ்வொரு முறையும் இந்தச் சித்திரவதையைப் பட வேண்டும். விட்டவன் கண்ணிலேயே படக்கூடாத பொருளை நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கையில் பிடித்து எரிக்க வேண்டும். எத்தனை காலம் முடியும்? என்றைக்காவது ஒரு நாள் வாயில் வைத்துவிடுவேன். அன்றோடு கால் போய்விடும். இரவு படுத்தால் இதே நினைப்பு. விடிந்தாலும் இதே நினைப்பு. வாழ்வதில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் போனது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் எரிந்து முடிந்த துண்டைப் போடுவதற்கு முன் பார்த்தேன். பஞ்சு வெள்ளை வெளேர் என்று இருந்தது. இழுத்தால்தானே பஞ்சு பழுப்பாகும்? அண்ணன் சாதாரண ஆள் இல்லை. தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்தே உள்ளே கொப்பரை எப்படி என்று சொல்கிறவர். டப்பாவை ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என் வேஷம் கலைந்துவிடும். பஞ்சை டீ டிக்காசனில் முக்கிப் போட்டால் என்ன என்று யோசித்தேன். எவ்வளவு பழுப்பு வேண்டும் என்று தெரிந்துகொள்ள அண்ணன் போட்ட துண்டு ஒன்றை எடுத்துப் பார்க்கலாம் என்று டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன்.

அண்ணனுடைய துண்டை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பல்லால் கடித்துக்கொண்டேதான் இழுப்பார். பஞ்சு கரும்புச் சக்கை மாதிரி நசுங்கியிருக்கும். டப்பாவின் அடியில் கிடந்து இப்போது மேலே வந்த அவருடைய துண்டுகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன, நசுங்கி, பழுப்பேறி. என்னுடையவை பழுப்பாக, உருண்டையாக இடையில் கிடந்தன. இவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோது நிறையத் துண்டுகள் வெள்ளையாக இருந்தன. நான் எரித்தவை கொஞ்சம்தான். இவை ஏராளம். ஒன்றில்கூடப் பல் படவில்லை. ஒன்றில்கூட வாயே படவில்லை.

அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு எவ்வளவோ முன்பே அண்ணன் விட்டிருக்கிறார். விட்ட பிறகும் நான் வைத்த ஒவ்வொன்றையும் எரித்திருக்கிறார். நான் நின்ற அதே இடத்தில், அதே மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

அப்புறம்தான் பயம் வந்தது. எங்கள் ஊரில் எவனும் நல்ல புத்தி வந்து சிகரெட்டை விடுவதில்லை. டாக்டர் மிரட்டினால்தான் விடுவான். அண்ணனுக்கு என்ன? கொஞ்ச காலமாகத் தூரத்தில் பார்க்கும்போது ஆள் மெலிந்து தெரிந்தார். கழுத்தில் எந்நேரமும் துண்டு சுற்றியிருந்தார். திமிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், பாவி.

மோட்டாரை நிறுத்தவும் தோன்றவில்லை. வரப்பைத் தாண்டி அவர் வீட்டுக்கு நடந்தேன். அண்ணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க தம்பி" என்றாள். அதற்கு மேல் முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"தொண்டையில கட்டிங்க தம்பி. தாராபுரத்துக்கு மக ஊட்டுக்குப் போறோம்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டு ஆஸ்பத்திரிக்குத்தானுங்க போயிட்டு வந்தோம். மருந்து ஏத்துனாங்க. கேக்கலீங்க. வர்ற வாரம் ஆப்பரேசன். கொரலையே எடுத்துருவாங்களாமுங்க."

"எனக்கு ஏனுங்க அண்ணி சொல்லல?"

"தம்பிக்குத் தெரிஞ்சா சிகரெட் வெக்கறத நிறுத்திப்போடுவான், சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாருங்க."

அண்ணன் உள்ளே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். கழுத்துத் துண்டுக்கு மேல் முகம் சின்னதாகத் தெரிந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் எதிரில் நிற்கிறேன். கையில் அந்த வெள்ளைத் துண்டுகள் இன்னும் இருந்தன. அவர் அதைப் பார்த்தார். திருடி மாட்டிக்கொண்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் விட்டுப்போட்டேனுங்கண்ணா" என்று செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினேன்.

குனிந்து என் பெருவிரலை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பேசினார். எனக்குத் தெரிந்த குரல் அதில் பாதிகூட இல்லை. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி வந்தது.

"அப்ப யாருக்குடா வெச்சோம்?"

நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் தலையில் கை வைத்தார். மேற்கொண்டு பேசப்போனவரை அண்ணி தடுத்தாள். தொண்டைக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஆப்பரேசன் நாள்வரை தினமும் போய் எதிரில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷம் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் நெஞ்சில் முட்டியது. மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று ஒரு நாள் கேட்டார். ஓடுகிறது என்றேன். அதுவே அதிகம்.

இப்போது அண்ணன் பிழைத்திருக்கிறார். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் வெள்ளைத் துணி. ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தட்டிக் கூப்பிடுவார். என் முறையன்று மோட்டார் ரூமுக்கு வந்து என்னோடு உட்கார்ந்திருப்பார். நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். என் விரலும் தப்பித்துவிட்டது. நாள் போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்ட புதிதில் எல்லோரும் சொன்னார்கள். சிகரெட் மட்டும் சரியாகிவிட்டது.